புல் முடிந்த இடம்

வீட்டில் எனக்குப் படிக்க வராது. சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. நல்ல நாற்காலி இருக்கிறது, ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கிறது, அலமாரி கொள்ளாமல் புத்தகம் இருக்கிறது. ஆனால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால் வாசலில் கூரியர். இதற்கு நடுவே தொலைபேசி. சத்தம்தான் என் எதிரி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வீட்டில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்திலும் என் பெயர் இருக்கிறது. எழுந்து வா என்கிறது.

வெளியூரில் நான் ஆழ்ந்து படித்த இடங்களை நினைத்துப் பார்த்தால் ஒன்றுகூட அமைதியான இடம் இல்லை. இரவு ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டி. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தின் சிமெண்டுத் திட்டு. உறவினர் ஒருவருக்குத் துணையாக எட்டு நாள் உட்கார்ந்திருந்த ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம். ஓர் உரைநடைக் காவியத்தை அங்கேதான் முடித்தேன். எல்லாமே இரைச்சலான இடங்கள். ஆனால் அந்த இரைச்சல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது, என்னைக் கூப்பிடவில்லை. பெங்களூர், பெங்களூர் என்று நடத்துனர் கத்தினால் பெங்களூர் போகிறவர் ஓடட்டும். நான் போளூர் போகிறவன். அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

இப்படி நான் சேர்த்து வைத்திருக்கும் இடங்களில் முதலிடம் ஜவ்வாது மலைக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. போளூர் வழியாக ஏறலாம், ஆலங்காயம் வழியாக ஏறலாம், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் ஏறலாம். எப்படி ஏறினாலும் கடைசியில் ஜமுனாமரத்தூரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானலைப் போல வெள்ளைக்காரர் எழுப்பிய கோடை நகரம் இங்கே இல்லை. ஒரு கடைத்தெரு, பேருந்து நிற்கும் இடம், அரசு அலுவலகங்கள். கொஞ்ச தூரத்தில் கோமுட்டேரி, இன்னும் கொஞ்ச தூரத்தில் பீமன் அருவி. ஆண்டுக்கு ஒருமுறை கோடை விழா நடக்கும்போது மட்டும் கூட்டம். மற்ற நாட்களில் மலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாமை விளையும், புளி உதிரும், தேன் இறங்கும், பலா பழுக்கும்.

முதல் தடவை போனபோது பையில் வைத்திருந்தது மலைபடுகடாம். பெருமைக்காக எடுத்துப் போகவில்லை. கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பாட்டு எனக்குப் பிடிபடவே இல்லை. பத்துப்பாட்டில் பத்தாவது, 583 அடிகள், பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகு எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. என்னிடம் இருந்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மலிவுப் பதிப்பு. முதுகு கழன்று, நூல் தெரிந்துகொண்டிருந்தது.

அதைக் கொண்டுபோனதற்கு ஒரே காரணம், அந்தப் பாட்டு நடக்கிற நிலம் இது என்பதுதான். நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அது பிறப்பது இந்த மலையில். பாட்டின் நவிர மலை, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செங்குத்தாக நிற்கும் பர்வதமலைதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். சமைக்கிற இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை.

பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு டீக்கடை. வெளியே இரண்டு கல் ஊன்றிப் போட்ட பலகை பெஞ்சு. கீழே இறங்க வேண்டிய பேருந்து எப்போது வரும் என்று கேட்டதற்கு, “வரும் சார், குந்துங்க” என்றார் கடைக்காரர். குந்தினேன். புத்தகத்தைப் பிரித்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் படித்ததைப் போல அதற்கு முன்போ பின்போ படித்ததில்லை.

அந்தப் பாட்டின் பெயரே சத்தத்தைப் பற்றியது. மலையை ஒரு யானையாகப் பாவித்து, அதில் எழும் ஓசைகளையெல்லாம் அந்த யானைக்கு வடியும் மதம் என்கிறார் புலவர். பிறகு அந்த ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். புலி கீறிய கணவனின் மார்புப் புண் ஆறவேண்டும் என்று குறத்திகள் பாடும் பாட்டு. வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் “புலி, புலி” என்று கூவும் கூச்சல். பள்ளத்தில் தவறி விழுந்த குட்டிக்காகக் குரங்குக் கூட்டம் எழுப்பும் ஓலம். தேனெடுக்கிறவர்களின் ஆரவாரம். யானைக்குப் பாகர் கற்றுக்கொடுக்கும் புரியாத சொற்கள். தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு. பலாச்சுளையைத் தரையில் பரப்பி, கன்றுகளை மேலே ஓட்டி மிதிக்கவிட்டு விதை எடுக்கிறார்கள். அந்தச் சத்தமும் உண்டு. நம் நாட்டில் ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால் ஒரு மனிதன் மலையின் முழு இரைச்சலையும் சொல்லில் பிடித்து வைத்துவிட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் புலவர் மலையில் அமைதியைத் தேடவில்லை. அவர் கேட்ட சத்தங்களில் ஒன்றுகூட அவரைக் கூப்பிடவும் இல்லை. குறத்தி தன் கணவனுக்காகப் பாடுகிறாள், பாகன் யானையோடு பேசுகிறான், மந்தி தன் குட்டிக்காக அழுகிறது. நடுவில் வழிப்போக்கனாக நிற்கிறவனுக்கு எந்தக் கடமையும் இல்லை. கேட்பது ஒன்றுதான் வேலை. வெளியூரில் நாம் புத்தகம் பிரிக்கிற இடமும் அப்படித்தான் அமைகிறது என்று தோன்றியது. உலகம் தன் பாட்டில் நடக்க வேண்டும்; நம்மை எதிர்பார்க்கக் கூடாது.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பாட்டி புளி உடைத்துக்கொண்டிருந்தார். மாசி மாதம். மலை முழுக்க அந்த வேலைதான். அவர் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பழத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்து, உள்ளங்கை அளவு கட்டையால் ஒரே தட்டு. ஓடு நொறுங்கும், சதை நசுங்காது. அடுத்து இரண்டு விரல் காம்புப் பக்கம் போய் நாரை உருவும். மூன்று நரம்பும் ஒன்றாக வந்துவிடும். பிறகு சதையைப் பிளந்து கட்டைவிரலால் ஒரு நெம்பு. கொட்டை தெறித்து இடப்பக்கச் சாக்கில் விழும், சதை வலப்பக்க முறத்தில் விழும். அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கண் சாலையில் இருந்தது. டொக், சர், டப் என்ற அந்தத் தாளத்துக்குள் என் ஆசிரியப்பா அடிகள் எப்படியோ போய் உட்கார்ந்துகொண்டன.

“இன்னா கண்ணு, பரீட்சையா?” என்றார். வயது வந்த ஆண் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

“இல்ல பாட்டி. சும்மா. இந்த மலையப் பத்தின பாட்டு. ரொம்பப் பழசு.”

“இந்த மலைக்கு இன்னா பாட்டு? படி, கேக்கலாம்.”

அடிகளைப் படித்துக் காட்டும் துணிச்சல் வரவில்லை. பொருளைச் சொன்னேன். கூத்தாடிப் பிழைக்கிறவர்களுக்கு, வள்ளலிடம் போய்ப் பரிசு வாங்கி வந்த ஒருவர் வழி சொல்கிற பாட்டு இது என்றேன். எங்கெங்கே கவனமாக நடக்க வேண்டும் என்று வரும் இடத்துக்குப் போனேன். தினையை மேய வரும் காட்டுப் பன்றிக்கு அடார் என்று ஒரு கல் பொறி வைத்திருப்பார்கள், பார்த்து நடங்கள் என்று புலவர் எச்சரிக்கிறார். அடார் என்ற சொல் பாட்டிக்குத் தெரியவில்லை. பொறி உடனே தெரிந்துவிட்டது.

“பலகக் கல்ல சாச்சி நிக்க வெச்சி, அடியில தீனி வெப்பாங்க. பன்னி வந்து முட்டுச்சின்னா மேல உழுவும். எங்க மாமனாரு காலத்துல உண்டு. இப்பல்லாம் வெச்சா பாரஸ்டுகாரன் புடிச்சிம் பூடுவான்.” ஒரு பழத்தைத் தட்டினார். “இது எழுதி எத்தினி வருசம் இருக்கும்?”

“ரெண்டாயிரம்னு சொல்றாங்க பாட்டி. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.”

“அப்பவும் பன்னி ஒழியலையா!” என்று சலித்துக்கொண்டார்.

சங்க இலக்கியத்துக்கு நான் கேட்ட உரைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை. பாட்டைக் கேட்ட எவரும் பழம்பெருமை பேசுவார்கள், நான் உட்பட. அவர் பன்றியைப் பற்றிக் கவலைப்பட்டார். பாட்டும் அந்த இடத்தில் பன்றியைப் பற்றித்தான் கவலைப்படுகிறது.

பிறகு பாட்டியின் கை நின்றது. “பஸ்ஸு வருது, எழுந்திரு” என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரரைப் பார்த்தேன், அவர் அதற்குள் இரண்டு கிளாஸைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், ஓட்டுநருக்கும் நடத்துனருக்கும். நான் புத்தகத்தை மூடிப் பையில் திணித்து, பணத்தைக் கொடுத்து, சில்லறை வாங்கிய பிறகுதான் தொலைவில் எங்கோ கொண்டை ஊசி வளைவில் ஹாரன் கேட்டது. இரண்டு வளைவுக்கு முன்னாலேயே அவர்கள் காதில் அது விழுந்திருக்கிறது.

வண்டியில் உட்கார்ந்த பிறகு என் கொள்கையில் ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. மலையில் எந்தச் சத்தமும் யாரையும் கூப்பிடவில்லை என்று மகிழ்ந்திருந்தேனே, அது எனக்கு மட்டும்தான். பாட்டிக்கு அந்த மலையின் ஒவ்வொரு சத்தமும் குக்கர் விசில். பன்றி உறுமினால் ஓட வேண்டும், கிளி கத்தினால் விரட்ட வேண்டும், ஹாரன் கேட்டால் மூட்டையைத் தூக்க வேண்டும். நான் அனுபவித்த ஓய்வு என்பது என் செவிட்டுத்தனம். ஒருவருடைய வீட்டில் போய் உட்கார்ந்து, அந்த வீட்டின் கூப்பாடுகள் நமக்கு இல்லை என்பதால் நிம்மதியாகப் படித்துவிட்டு வருகிறோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. விருந்தாளிக்குக் கிடைக்கும் சலுகைதான். சலுகை என்று தெரிந்து அனுபவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்த் படிப்பதைப் பற்றி 1905இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் புத்தகத்தில் மூழ்கியிருந்தபோது வந்த தொந்தரவுகள், சாப்பிடக் கூப்பிட்டது, விளையாடக் கூப்பிட்டது, ஒரு தேனீ குறுக்கே வந்தது, இவைதான் பின்னாளில் அந்தப் புத்தகத்தோடு சேர்ந்து நினைவில் நிற்கின்றன, கதை மறந்துபோனாலும் இவை மறப்பதில்லை என்பது அவர் கண்டது. என் மலைபடுகடாத்தின் ஒரு பக்கத்தில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. பாட்டி கொடுத்த புளியைத் தின்றுவிட்டுப் பக்கம் திருப்பியது. அடார் வரும் பக்கம் அது. தேடாமலே அந்தப் பக்கம் திறக்கும்.

ஜவ்வாது மலையில் எனக்குப் பிடித்த இன்னோர் இடம் காவலூர். இதைப் படிக்கும் இடம் என்று சொல்லலாமா என்பது சந்தேகம். அங்கே போனால் புத்தகத்தை மூடியாக வேண்டும்.

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் வழியில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தேடித் தேர்ந்தெடுத்த இடம். நகர வெளிச்சம் எட்டாத காடு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தின் விண்மீன்களும் தெரியும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது காவலூரிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது அன்றைய நோக்குகளால்தான். 1988இல் இங்கே கண்ட ஒரு குறுங்கோளுக்கு இராமானுஜன் என்று பெயர். பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறப்பு விழாக் கண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982இல் மூனிக் நகரில் காலமானார். வானாய்வகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது அந்தத் திறப்பு விழாவில்தான்.

பொதுமக்களை அனுமதிக்கும் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போனேன். வரிசை நகரக் காத்திருக்கையில், பழக்க தோஷம், கைபேசி வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தேன். பின்னால் நின்ற ஒரு சிறுமி, “அங்கிள், லைட்ட ஆஃப் பண்ணுங்க, எங்களுக்கு ஸ்டார் தெரியல” என்றாள். அவள் சொன்னது சரி. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு வெள்ளைத் தாளின் பளபளப்பு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். இரவில் வரைபடம் பார்க்க வேண்டிய வானியலாளர்கள் மங்கலான சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்துவார்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கலைக்காது.

அணைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரியத் தொடங்கியது, தெரிந்துகொண்டே போனது. மலைபடுகடாம் சொல்லும் வழிக்குறிப்புகளில் இதற்கும் ஓர் இடம் உண்டு: பொழுது போய்விட்டால் நடக்காதீர்கள், குகையில் தங்கிவிடுங்கள் என்கிறது பாட்டு. இருட்டில் வழியைப் படிக்க முடியாது என்று தெரிந்த புலவர். எங்கே புத்தகத்தைத் திறக்கலாம் என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எங்கே மூட வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் அந்தச் சிறுமி ஒருத்திதான்.

இந்த மலையைச் சுற்றி மனிதர்கள் எங்கே நின்று படித்தார்கள் என்று கேட்டால் விடை வீட்டுக்குள் கிடைக்காது. வழியோரத்தில் கிடைக்கும். செங்கம் வட்டாரம் நடுகற்களின் பூமி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்றே ஒரு நூல் வெளியிட்டது. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது விழுந்தவனுக்கு, விழுந்த இடத்தை ஒட்டி ஒரு கல். அதில் அவன் உருவம். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர், அவன் செய்தது. சொற்சிக்கனத்துக்குப் பாடம் வைக்கலாம். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த செய்தியோடு அவன் நாய்க்கும் அதில் இடம் கிடைத்திருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர். கள்ளரைக் கடித்து, எசமானனைக் காத்து நின்றதாம். நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கல்லை எந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிப்பது? மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன், உப்பு விற்கப் போகிறவன், நின்று, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்குத் தெரிந்தவன் படித்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எழுத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனவர்கள் நாம் இல்லை. எழுத்து முதலில் வெளியேதான் இருந்தது. பிற்பாடுதான் வீட்டுக்குள் வந்து அலமாரியில் ஏறியது.

மலைபடுகடாமும் இதைச் சொல்கிறது. பெயர் பொறித்து நட்ட கற்கள் வழி பிரிகிற சந்துகளில் நிறைய இருக்கும் என்கிறது. ஊர்ப்பெயர் தெரியாத வழிப்போக்கருக்காகக் கல்லில் வெட்டி வைத்த எழுத்தும் உண்டு என்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் பெயர்ப் பலகைக்கு மூதாதை. அதையொட்டி வரும் ஒரு குறிப்புக்காகத்தான் நான் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். புதிய நிலத்தில் நடக்கிறீர்கள், பாதை பிரிகிற இடம் வந்தால் அங்கே தரையைத் துடைத்துவிட்டு, ஒரு பிடி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். பின்னால் வருகிறவர்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே.

ஆற்றுப்படை என்ற வடிவத்தின் மொத்தக் குணமும் அந்தப் புல் முடிச்சில் இருக்கிறது. பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்ல வேண்டும். பரிசில் வாங்கியாயிற்று, மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு வழியில் போய்விடலாம் என்று அவன் நினைக்கவில்லை. எதிரே வருகிறவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இங்கே வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள், இங்கே கவண்கல் பறக்கும், மரத்தின் பின்னால் ஒதுங்கு, இங்கே தினைச்சோறு கிடைக்கும் என்று 583 அடிக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். நல்ல புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு நண்பனைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசுகிறோமே, அதே காரியம்.

மலையின் தென்மேற்கு அடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்குப் பக்கம் புளியானூரில், குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. குழந்தைகளுக்கான அந்த இடத்தோடு சேர்ந்து தன்னறம் என்ற பதிப்பகமும் நடக்கிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்வைச் சொல்லும் ‘சுதந்திரத்தின் நிறம்’ போன்ற நூல்களின் முகவரிப் பக்கத்தில் இந்தச் சிற்றூரின் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். சென்னையில் அச்சிட்டு மலைக்கு அனுப்புவது வழக்கம். மலையடிவாரத்திலிருந்து சென்னைக்குப் புத்தகம் போவதை இவர்களிடம்தான் கண்டேன். அதுவும் ஒரு முடிச்சு.

இன்னொரு முடிச்சு கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். இடமலைக்குடியில், முதுவர் பழங்குடிகள் வாழும் காட்டுக்குள், சின்னத்தம்பி என்ற முதியவர் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்குள் ஒரு நூலகம். 160 புத்தகங்கள், சாக்கு மூட்டையில். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. பஷீரும் எம்.டி. வாசுதேவன் நாயரும் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் அந்த மூட்டையில் இருந்தன. யார் எதை எடுத்துப் போனார்கள் என்று ஒரு பதிவேடும் வைத்திருந்தார். அதற்கும் முன்னால், 1931இல், மன்னார்குடி மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்துக் கதை அது.

இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கும்போது, மலையில் உட்கார்ந்து படிப்பது என்ற என் பொழுதுபோக்கு கொஞ்சம் கூச்சம் தருகிறது. சின்னத்தம்பி மலைக்குப் புத்தகம் கொண்டுபோனது வேறு ஒருவர் படிப்பதற்கு. நான் கொண்டுபோனது நான் படிக்க. படித்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நான் ரசித்த பலகை பெஞ்சில் உட்கார்ந்து படிக்க, அந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு நேரம் கிடைக்குமா? பள்ளி விட்டு வந்தால் ஆடு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, புளி இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்திலும் அதன் பெயர் இருக்கிறது. என் வீட்டில் எனக்கு எப்படியோ அப்படி. அந்தப் பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஓர் இடம் தேவை. அது மலையில் இருக்காது. ஒருவேளை ஊர்ப்புற நூலகமாக, விடுதி வராந்தாவாக, போளூர்ப் பேருந்து நிலையமாக இருக்கும். எனக்கு அந்தப் பிள்ளையின் மலை. அந்தப் பிள்ளைக்கு என் நகரம். சந்தில் இருவரும் எதிரெதிராக வருகிறோம்.

இரண்டாவது தடவை போனபோது இரண்டு புத்தகம் எடுத்துப் போனேன். ஒன்று எனக்கு. மற்றொன்று ஒரு சிறார் கதைத் தொகுப்பு. கடைக்காரரிடம் கொடுத்து, யார் கேட்டாலும் கொடுங்கள் என்றேன். “திருப்பித் தர்லன்னா?” என்று கேட்டார். “தர வேணாம்” என்றேன். மிக்சர் பாட்டிலுக்குப் பின்னால் நிற்க வைத்தார். பாட்டி அன்றைக்கு இல்லை. புளிப் பருவம் முடிந்திருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு, வழி சொல்லும் முறைப்படி, சில வார்த்தை சொல்ல வேண்டும். அருவிக்கரையில் உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், புத்தகம் நனையும். ஏரிக்கரை காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் தாளில் கூசும். எல்லாவற்றையும்விடப் பேருந்து நிற்கும் இடத்துப் பெஞ்சுதான் சிறந்தது. பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிப்பாக எடுத்துப் போங்கள், மேகம் இறங்கினால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் மூடிவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் பதிப்பில் இல்லாத உரை கிடைக்கும். காவலூருக்குப் போனால் திறக்கவே திறக்காதீர்கள். வரும்போது ஒன்றை விட்டுவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, உட்காருவதற்கு முன்னால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாரன் உங்களுக்குக் கேட்காது.